பத்து நிமிஷமும் நாற்பது நிமிஷமும்

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் டீச்சர் ஒரு பேயைப் பார்த்தாள்.

மணி ஐந்து இருக்கும். வழக்கம்போல் எழுந்து, கான்வாஸ் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, புது வீடாயிற்றே, யார் தூக்கமும் கெடக் கூடாது என்று பூனை மாதிரி அடியெடுத்து வைத்துச் சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஓடக் கிளம்ப வேண்டும். விளக்கைக்கூடப் போடவில்லை. ஜன்னலோரத்து முக்காலியில் ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக இரண்டு பச்சைச் சில்லுகள்.

வேறு ஒரு புதுப் பெண்ணாக இருந்தால் அலறியிருப்பாள். டீச்சர் ஒன்பது வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் விசில் தொங்கும். அன்றைக்கும் தொங்கியது. கை தானாகப் போய் அதை வாயில் வைத்தது. அடிவயிற்றிலிருந்து ஓர் ஊதல்.

மூன்று மாடிக் கட்டடமும் எழுந்துவிட்டது. கீழ் வீட்டுக் கடிகார ரிப்பேர்க்காரர் கையில் குடையோடு ஏறி ஓடி வந்தார். மேல் வீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. முக்காலியில் இருந்த உருவம் கண்ணிலிருந்து வெள்ளரிக்காய்ச் சில்லுகளை எடுத்துவிட்டு, பூச்சு வெடித்துவிடாதபடி உதட்டை மட்டும் அசைத்து நிதானமாகச் சொன்னது:

"பயப்படாதீங்க அண்ணி. நான்தான். தயிரும் ஓட்ஸ் மாவும்."

அதுதான் பாப்பா. டீச்சருடைய கணவருக்குத் தங்கை. வீட்டில் கடைசிப் பிள்ளை என்று சின்ன வயசில் வைத்த பெயர். வயசு முப்பத்தொன்று ஆன பிறகும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். டீச்சருக்கும் அதே வயசு. பார்க்கப்போனால் பாப்பா நாலு மாதம் மூத்தவள். ஆனாலும் அண்ணன் மனைவி அண்ணிதானே. டீச்சருக்குக் கிடைத்த பட்டம் வேறு. அன்று காலை முதல் அந்தக் கட்டடத்தில் அவள் விசில் டீச்சர். கடைசிவரை அது போகவில்லை.

வீடு இரண்டாம் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, கைப்பிடி ஆடும் ஒரு பால்கனி. தெருவிலிருந்து முப்பத்தெட்டுப் படி. டீச்சர் அந்தப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். பாப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள்.

பாப்பாவுக்கு ஊரின் பெரிய கடையில், முதல் மாடி அழகுப் பொருள் பிரிவில் வேலை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று முகக் கிரீம், லோஷன், வாசனைத் தண்ணீர் எல்லாம் விற்பாள். விற்பனையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. காரணம் அவளுடைய முகம். வெண்ணெயில் செய்தது மாதிரி இருக்கும். ஒரு புள்ளி, ஒரு வடு கிடையாது. வருகிறவர்கள் டப்பாவைப் பார்க்க மாட்டார்கள், அவளைப் பார்ப்பார்கள். நீங்க என்ன போடுறீங்க என்று கேட்பார்கள். கைக்கு எட்டுகிற டப்பாவை எடுத்து முன்னால் வைப்பாள். பொய் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். டப்பாவை வைப்பதோடு சரி. உண்மையில் அந்த மேசையிலிருந்து ஒரு சொட்டுகூட அவள் முகத்துக்குப் போனதில்லை. தயிர், ஓட்ஸ் மாவு, தேன், வெள்ளரிக்காய், குளித்த ஈரத்தோடு தடவ இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான் அவளுடைய அழகுப் பெட்டி. அதுவும் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தது.

டீச்சரோ வெயிலில் காய்ந்தவள். மைதானத்தில் ஒரு நாளைக்கு ஆறு பீரியட். உதடு வெடித்திருக்கும். மூக்கு நுனி உரிந்திருக்கும். குதிகால் வெடிப்பில் சில நாள் ரத்தம் கசியும். அதையெல்லாம் அவள் கண்டுகொள்ளவே மாட்டாள். வேர்த்த முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அடுத்த வகுப்பை வரிசையில் நிறுத்துவாள். உடம்பு மட்டும் கம்பி மாதிரி. ஜுரம் என்று ஒரு நாள் படுத்ததில்லை.

ஆக, ஒரே கூரையின் கீழ் இரண்டு கட்சி. வேர்வை என்றால் பாப்பாவுக்குப் பகை. சாப்பிடுகிற பண்டத்தை முகத்தில் பூசி வீணாக்குகிறாளே என்று டீச்சருக்கு எரிச்சல். வந்த முதல் மாதத்திலேயே ஒரு சண்டை வந்தது. காலையில் ஓடிவிட்டு வந்த டீச்சர், சமையலறை மேடையில் கிண்ணத்தில் தயிரும் துருவிய வெள்ளரிக்காயும் ஓட்ஸும் கலந்து வைத்திருப்பதைப் பார்த்தாள். நாத்தனாருக்கு நம் மேல் இவ்வளவு பிரியமா என்று உருகிப்போய், நின்ற நிலையில் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டாள். பாப்பா குளியலறையிலிருந்து வந்து கிண்ணம் எங்கே என்று கேட்டாள். நல்லா இருந்தது, உப்புதான் கொஞ்சம் போட்டுக்கிட்டேன் என்றாள் டீச்சர். பாப்பா அதற்குப் பிறகு நாலு நாள் பேசவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் டீச்சரின் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். பிறத்தியார் எழுதியதில் ஒரு கால்புள்ளி பிசகினாலும் விடாத மனுஷர், வீட்டு விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார். மனைவி ஒன்று சொன்னால் அதுவும் சரி என்பார். தங்கை ஒன்று சொன்னால் அதுவும் சரி என்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆறு வருஷம் இப்படியே ஓடியது. சண்டை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒட்டுதலும் கிடையாது. ஒரே ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து வருகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். டீச்சருக்குக் குழந்தை பிறக்கவில்லை. பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இவளிடம் அவளும் அவளிடம் இவளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஏழாவது வருஷம், ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது.

முதலாவது பாப்பாவுக்கு. வேலை முடிந்து வந்தவள் இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிவிட்டது. கடிகாரக்காரர் மனைவி தண்ணீர் தெளித்து எழுப்பினாள். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, சர்க்கரை வாசல்வரை வந்து நிற்கிறது, ரத்த அழுத்தம் உள்ளேயே வந்துவிட்டது என்றார். முகம் பார்த்தால் இருபத்தெட்டு, நெஞ்சைக் கேட்டால் அறுபது என்றும் சொன்னார். மருந்து கொஞ்சம்தான் எழுதினார். தினம் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னார். பாப்பா அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நடக்கவில்லை.

இரண்டாவது டீச்சருக்கு. பள்ளிக்கூட ஆபீசில் புதிதாக ஒரு குமாஸ்தா சேர்ந்திருந்தார். மரியாதையான மனுஷர். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்று, உட்கார நாற்காலி போட்டு, ஒரு படிவத்தை நீட்டினார். இன்னும் ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவம். டீச்சருக்கு அப்போது முப்பத்தேழு.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போனாள். அன்று ஆறு பீரியடும் விசிலைக் கொஞ்சம் பலமாகவே ஊதினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அலமாரிக் கதவில் இருந்த கண்ணாடி முன்னால் நின்றாள். தன் முகத்தை அவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. கண்ணோரம் வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடுகள். கன்னத்தில் மாநிறமும் கறுப்புமாகத் திட்டு. அம்மாவின் முகம் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று தோன்றியது.

பாப்பா பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. என்ன அண்ணி என்று கேட்டதும், அதுவரை அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. குமாஸ்தா, நாற்காலி, படிவம் எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பா சிரிக்கவில்லை. அதுதான் டீச்சரை அசைத்தது. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். டீச்சரேகூட, வேறு ஒருத்திக்கு நடந்திருந்தால் சிரித்திருப்பாள்.

பாப்பா விரலால் டீச்சரின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். துணியின் தரம் பார்ப்பது மாதிரி.

"தோல் நல்ல தோல்தான் அண்ணி. நீங்கதான் அதைக் கவனிக்கல. வேர்வை காயறதுக்குள்ள கழுவுங்க. தினம் பத்து நிமிஷம் என் பக்கத்துல உட்காருங்க. அது போதும்."

"நீ?" என்றாள் டீச்சர். "உன் டாக்டர் சீட்டு கைப்பையிலேயே இருக்கே. அது என்ன ஆச்சு?"

பாப்பா கன்னத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"சரி. நான் பத்து நிமிஷம் உட்காரறேன். நீ நாப்பது நிமிஷம் என் கூட நட."

பத்துக்கு நாற்பதா, இது என்ன நியாயம் என்றாள் பாப்பா. அவள் கடையில் நிற்கிறவள், பேரம் பேசத் தெரியாதா. இருபதில் ஆரம்பித்து, இருபத்தைந்து, முப்பது என்று ஏறி, கடைசியில் டாக்டரம்மா எழுதியதைக் குறைக்க நமக்கு உரிமை இல்லை என்று டீச்சர் முடித்துவிட்டாள். டீச்சரின் கணவரை அழைத்து ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதிக்கொடுத்தவர், "நடப்பேன் என்று இருக்கு, எப்போது என்று இல்லை, வாக்கியம் முடியல" என்று காலை ஐந்தரை மணியைச் சேர்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் சொந்தக் கருத்து அதுதான்.

ஊருக்குக் குடிநீர் கொடுக்கிற நீர்த்தேக்கம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் கரையைச் சுற்றி ஒரு மண் பாதை. ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று நிமிஷம். மூன்று சுற்று நடந்தால் கணக்கு சரி. முதல் நாள் பாப்பா அரைச் சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் ஷூ கடிக்கிறது என்றாள். மூன்றாம் நாள் பெஞ்சு நெருங்கும்போது டீச்சர் அவளுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வந்து நடந்தாள். கால் வலிக்குது அண்ணி என்று கெஞ்சினால், வலிக்கட்டும், நாளைக்கு வேற இடத்துல வலிக்கும் என்பாள். பத்து நாள் கழித்து ஒரு சுற்று. ஒரு மாதத்தில் இரண்டு. மூன்றாவது சுற்றுக்கு மழைக்காலம் வரை ஆயிற்று.

திரும்பி வந்ததும் பாப்பாவின் ராஜ்யம். படியேறி வந்த கையோடு வெறும் தண்ணீரில் முகம் கழுவ வேண்டும். சோப்பு கூடாது. துண்டை வைத்துத் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு முக்காலி. இரண்டு ஸ்பூன் தயிர், ஒரு ஸ்பூன் ஓட்ஸ் மாவு, சொட்டுத் தேன். முதல் தடவை காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, அரிப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்துக்கு வந்தாள். பூச்சு காய்ந்து வெடிக்கிறவரை விடக் கூடாது, அது தோலில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துவிடும் என்பாள். பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். குதிகாலுக்குத் தனியாக ஒரு வைத்தியம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, பழைய காலுறையை மாட்டிவிடுவாள். வெளியே கிளம்பும்போது அகலமான ஒரு தொப்பியைத் தலையில் கவிழ்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தார்கள்.

அந்த முக்காலியில் சும்மா உட்காருவதுதான் டீச்சருக்குப் பெரிய தண்டனை. பேசினால் பூச்சு வெடிக்கும் என்பதால் வாயைத் திறக்கவும் முடியாது. நாள் முழுக்க நானூறு பெண்களை நில், ஓடு, திரும்பு என்று ஆட்டி வைக்கிறவள் பத்து நிமிஷம் ஊமையாக இருந்தாள். அந்த நேரத்தில் பாப்பா பேசினாள். முதலில் கடைக் கதை. பிறகு மெல்ல மெல்லச் சொந்தக் கதை. காலணிப் பிரிவில் ஒருவர் இருந்தாராம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருவார்களாம். மூன்று வருஷம். அவருக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்தது. வரயா என்று அவர் கேட்பார் என்று இவள் காத்திருந்தாள். இவள் ஏதாவது சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. பஸ் கிளம்பிவிட்டது. டீச்சருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் முகத்தில் பூச்சு. ஒன்றும் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் நீட்டி பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடக்கும்போது கதை தலைகீழ். பாப்பாவுக்கு மூச்சு வாங்கும், பேச வராது. டீச்சர் பேசுவாள். இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்ததை, அதற்கு மறுநாளே மைதானத்தில் போய் நின்றதை, கணவரிடம்கூட முழுசாகச் சொல்லாததை அந்த மண் பாதையில்தான் சொன்னாள். பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். அன்றைக்கு மட்டும், கேட்காமலேயே, நாலாவது சுற்றுக்கும் வந்தாள்.

பிற்பாடு டீச்சர் யோசித்துப் பார்த்ததுண்டு. எதிராளி உடனே பதில் சொல்ல முடியாது என்பது தெரிந்ததால்தான் இரண்டு பேருக்கும் சொல்ல வாய் வந்ததோ என்று.

டீச்சரின் உதடு சரியானது. குதிகால் மூடியது. கன்னத்துத் திட்டு முழுக்கப் போகவில்லை, மங்கியது. கண்ணோரக் கோடுகள் அப்படியேதான் இருந்தன. அது சிரிச்ச கோடுன்னு வெச்சுக்கங்க அண்ணி என்றாள் பாப்பா. பாப்பா முப்பத்தெட்டுப் படியையும் நிற்காமல் ஏற ஆரம்பித்தாள். நடக்க ஆரம்பித்ததிலிருந்து தூக்கம் நன்றாக வருகிறது, தூங்கினால் முகமும் நன்றாக இருக்கிறது, இத்தனை வருஷம் எல்லாப் புகழையும் தயிருக்கே கொடுத்துவிட்டேன் என்று ஒரு நாள் தானாகவே ஒத்துக்கொண்டாள்.

இரண்டரை வருஷம் போயிருக்கும். ஒரு நாள் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பாப்பா பட்டப்பகலில் வீட்டில் இருந்தாள். குளியலறை வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஒரு பெண் கடைக்கு வந்திருக்கிறாள். முகம் முழுக்கப் பரு. இருப்பதிலேயே விலை உயர்ந்த டப்பாவைக் காட்டி, அதைப் போட்டால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் யாரோ அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பாப்பாவின் கை வழக்கம்போல் டப்பாவை எடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கைப்பையைத் திறந்து கசங்கிய நோட்டுகளை எண்ணிய விதத்தைப் பார்த்ததும், எடுத்த டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டாள். இது உனக்கு வேண்டாம்மா, ஒரு வாரத்தில் எதுவும் போகாது, முகத்தைக் கிள்ளாதே, வெறும் தண்ணீரில் கழுவு, ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாயே, அங்கேயே தோல் டாக்டரிடம் காட்டு என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் பிரிவு மேலாளர் நின்றிருந்தார். பத்தொன்பது வருஷ வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. புடவையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கே போய் அந்த மேலாளரை ஒரு கை பார்க்கிறேன் என்று குதித்தாள். பாப்பா காலைத் துடைத்துக்கொண்டே வேறு எதையோ யோசித்தாள்.

"பஸ் ஏறணும்னே தோணல அண்ணி. பதினோரு ஸ்டாப். நடந்தே வந்துட்டேன்." நிமிர்ந்து பார்த்தாள். "மூச்சு வாங்கல."

சொல்லிவிட்டு அழுதாள். டீச்சரும் பக்கத்தில், ஈரத் தரையிலேயே, உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் பாப்பா வீட்டில் இருந்தாள். காலை நடையை ஒரு நாள்கூட விடவில்லை. விட்டால் படுத்துவிடுவேன் என்று பயம். அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழ விவகாரம் வந்தது.

ஆண்டு விளையாட்டு விழா நெருங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வெயிலில் அணிவகுப்புப் பழகினார்கள். முகம் கறுத்துவிடும் என்று எவளோ சொல்ல, எலுமிச்சம்பழம் தேய்த்தால் வெளுக்கும் என்று இன்னொருத்தி சொல்ல, பதினொரு பெண்கள் சாற்றைத் தேய்த்துக்கொண்டு மைதானத்தில் நின்றிருக்கிறார்கள். இரண்டு நாளில் முகம் கன்றிப்போனது. சிலருக்குக் கறுந்திட்டு, இரண்டு பேருக்குக் கொப்புளம். தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். பெண் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வதைக்கிறாள் இந்த விசில்காரி என்றார்கள். தலைமை ஆசிரியை இனி அணிவகுப்பும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஓடாதே, குதிக்காதே என்று வளர்ந்த பெண்களைப் பதினெட்டு வருஷமாக இழுத்துக்கொண்டு வந்து மைதானத்தில் விட்டவள் அவள்.

மறுநாள் பாப்பா தானாகவே கிளம்பி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கடைக்குப் போகும்போது கட்டுகிற நல்ல புடவை. தாய்மார்கள் முன்னால் நின்று, கண்ணாடி மேசைக்குப் பின்னால் பேசுகிற அதே தணிந்த குரலில் பேசினாள். கொப்புளம் இருக்கிறவர்களை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றாள் முதலில். பிறகு சொன்னாள்:

"ஓட்டத்து மேல தப்பில்லைங்க. எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சுட்டு வெயில்ல நின்னா எந்தத் தோலும் இப்படித்தான் ஆகும். இவங்க ஓடட்டும். ஓடி முடிச்சதும் முகம் கழுவட்டும். அவ்வளவுதான் விஷயம்."

ஒரு தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீங்க என்ன போடுறீங்க என்று கேட்டாள். பாப்பா இந்தத் தடவை எந்த டப்பாவையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. தயிர் என்றாள். காலையில நாப்பது நிமிஷம் நடை என்றாள். தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பினார்களோ இல்லையோ, கலைந்து போனார்கள். மறு வாரத்திலிருந்து அணிவகுப்புப் பயிற்சி காலை ஏழு மணிக்கு மாறியது. மைதானத்து ஓரத்தில் வரிசையாக ஆறு குழாய் போட்டார்கள். விசில் அடித்ததும் பெண்கள் அங்கே ஓடி முகம் கழுவுவார்கள். நனைந்த முகங்களோடு அவர்கள் வகுப்புக்குப் போகிற காட்சி டீச்சருக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

தலைமை ஆசிரியை ஆள் பார்க்கத் தெரிந்தவர். அதே நிர்வாகத்துக்குத் துறைமுக ஊரில் இன்னொரு பள்ளிக்கூடம், விடுதியோடு. அங்கே வார்டன் இடம் காலி. பாப்பாவுக்குச் சிபாரிசு செய்தார். ரயிலில் ஏழு மணி நேரம். தங்குமிடமும் சாப்பாடும் அங்கேயே.

பாப்பா போக மாட்டேன் என்று சொல்லுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். கேட்டால், போ என்று சொல்லவும் மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள். பாப்பா கேட்கவில்லை. அண்ணி, நான் போறேன், இந்தத் தடவை காத்துட்டு நிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். எதை நினைத்துச் சொல்கிறாள் என்று டீச்சருக்குத் தெரியும்.

கடைசி நாள் காலையில் மூன்று சுற்று நடந்தார்கள். வந்து முகம் கழுவினார்கள். முக்காலியில் டீச்சரும் தரையில் பாப்பாவுமாக, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பூசிக்கொண்டார்கள். டீச்சரின் கணவர் எட்டிப் பார்த்தார். போய்க் கண்ணாடியைத் துடைத்தார். அன்று அவருக்கு அது வெகு நேரம் பிடித்தது.

அந்த நடையும் பூச்சும் எல்லாம் சேர்த்து மூன்று வருஷம்தான் இருக்கும். டீச்சருக்கு இப்போது அறுபத்தாறு வயசு. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அவளும் கணவரும் படி இல்லாத ஒரு கீழ் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் அவளுடைய வாழ்க்கையில் எது நல்ல காலம் என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூடப் பெண்கள் விளையாட்டில் கோப்பை வாங்கிய வருஷங்களைச் சொல்ல மாட்டாள். விடிந்தும் விடியாத அந்த மண் பாதையையும், பக்கத்தில் புஸ்புஸ்ஸென்று வருகிற மூச்சையும், முகம் இறுகி வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தையும் சொல்லுவாள்.

பாப்பா அங்கேயே தங்கிவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். இங்கே வந்துவிடேன் என்று டீச்சர் கூப்பிட்டதற்கு, இங்க புள்ளைங்க இருக்காங்களே அண்ணி என்றாள். டீச்சருக்கு ஒரு வாரம் கோபம். பிறகு அவளே கிளம்பிப் போனாள்.

ரயில் நிலையத்தில் பாப்பாவைப் பார்த்ததும் கொஞ்சம் திடுக்கிட்டாள். தலை முழுக்க வெள்ளை. முகத்தில் எல்லோரையும் போலச் சுருக்கம். சர்க்கரையும் ஐம்பத்தெட்டில் வந்தே விட்டதாம். டாக்டரம்மா சொன்னதைவிட இருபது வருஷம் தள்ளித்தானே வந்தது, அதுவரைக்கும் லாபம் என்று சிரித்தாள். தயிரை வைத்துக் காலத்தை நிறுத்த முடியாது, தோல் எரியாமல் இருந்தால் போதும் என்றாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் கடற்கரை ரோட்டில் இறங்கினார்கள். சிமென்ட் தரையில் முப்பது வருஷம் குதித்த முழங்கால், டீச்சருக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. பாப்பா கைவீசி, நேராக, அளவான வேகத்தில் நடந்தாள். டீச்சர் அரைத் தூரத்திலேயே பின்தங்கினாள். மூச்சு வாங்கியது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"கொஞ்சம் மெதுவா போ பாப்பா."

பாப்பா நின்றாள். திரும்பி வந்து, டீச்சரின் வலிக்கிற கால் பக்கமாக நின்றுகொண்டு, அவள் முழங்கையைப் பிடித்தாள். பிறகு விடுதிப் பெண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். டீச்சருக்குப் பதில் பேச மூச்சு இல்லை. கேட்டுக்கொண்டே நடந்தாள். கடல் பக்கமிருந்து உப்புக் காற்று அடித்தது. அறைக்குப் போனதும் முகம் கழுவ வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.